பொட்டலத்தில் வந்த வெண்கலம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு அண்ணன்மார் வகுப்பு வகுப்பாக வந்தபோது, "நீதான் ஓடுற பொண்ணாச்சே, விளையாட்டால் வரும் நன்மைகள்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடேன்" என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால், 'விளையாட்டு உடலுக்கு நல்லது' என்ற முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் அப்படியே நின்றது. நான்காம் நாள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போடாவிட்டாலும், நம் பாலிடெக்னிக்கில் 800 மீட்டர் ஓடுகிற பெண் ஒருத்திதான் என்பது கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் தெரியும். பரவாயில்லை.

எனக்குச் சொந்த ஊர் நெடுங்காடு. அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். அம்மா நடவு, களையெடுப்பு. அதுவும் இல்லாத நாளில் நூறு நாள் வேலை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் சேரும்போது விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அப்பாவின் பெருவிரலைப் பிடித்து மை தடவி வைத்ததும் நான்தான். வைத்துவிட்டு அப்பா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "நீ கையெழுத்துப் போடுற ஆளா வந்துடு பாப்பா" என்றார். அன்று அதைச் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

ஓட்டம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 2019 ஏப்ரல் மாதம், ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த நேரம். டீக்கடை வாசலில் தொங்கிய பேப்பரில் ஒரு அக்கா தேசியக் கொடியோடு நின்றார். கோமதி மாரிமுத்து. திருச்சி பக்கத்தில் முடிகண்டம் என்ற கிராமம். தோஹாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில், ஏப்ரல் 22 அன்று, 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. பஸ் வசதி சரியில்லாத ஊர். அப்பா விவசாயி, மகளுக்குச் சோறு வேண்டும் என்று மாட்டுக்கு வைத்திருந்ததைத் தான் சாப்பிட்டார் என்று அந்த அக்காவே கண்கலங்கிப் பேட்டி கொடுத்தார். அந்த அப்பா புற்றுநோயில் இறந்துபோன பிறகு வந்த தங்கம் அது.

அந்தப் பேட்டியை டீக்கடை டி.வி.யில் பார்த்தபோது என் அப்பாவும் பக்கத்தில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எனக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். ஒரு சைஸ் பெரிசு. துணி அடைத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். பேப்பர் படத்தை வெட்டி என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் செய்தி வந்துவிட்டது. கோமதி அக்காவின் சிறுநீர் மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் அடையாளம் இருந்ததாம். தான் எந்தத் தடை செய்யப்பட்ட மருந்தையும் எடுத்ததே இல்லை என்று அக்கா சொன்னார். கொரோனா லாக்டவுனில் நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது: 2019 மே 17 முதல் நான்கு ஆண்டு தடை, தங்கமும் போயிற்று. இரண்டாவதாக வந்த சீனத்து வாங் சுன்யூவுக்குத் தங்கம் சேர்ந்தது. ஒரு சோதனையில் அல்ல, பாட்டியாலாவில் இரண்டு, தோஹாவில் ஒன்று, பிறகு போலந்தில் ஒன்று என நான்கு மாதிரிகளில் அது வந்திருந்தது.

பெட்டி மூடியில் இருந்த படத்தை நான் கிழிக்கவில்லை. "பெரிய ஆளுங்க ஏதோ சதி பண்ணிட்டாங்க" என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். "சாந்தியையும் இப்படித்தானே பண்ணாங்க?" என்றார் அப்பா. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் அக்காவைச் சொல்கிறார். அவர் வாங்கிய வெள்ளியும் 800 மீட்டரில்தான். அதுவும் தோஹாவில்தான், 2006 ஆசிய விளையாட்டில். ஆனால் அது மருந்து விவகாரமே இல்லை. பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் உடம்பில் வெளியிலிருந்து எதுவும் போகவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது சாந்தி அக்காவுக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சனி, ஞாயிறுகளில் முதல் பஸ் பிடித்துக் காரைக்கால் கடற்கரைக்குப் போய் மணலில் ஓடுவேன். அங்கே போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் அண்ணன்மார் கூட்டம் ஒன்று வரும். அதில் ஒரு அண்ணன் நல்ல மாதிரி. பெண் பிள்ளை தனியாக வருகிறாளே என்று, நான் பஸ் ஏறும்வரை நின்றுவிட்டுப் போகிறவர். அவர் மேல் இப்போதும் எனக்குக் கோபம் இல்லை. இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் 'போதை கும்பல்', 'வஞ்சகன்' என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்களே, அப்படி யாரும் வரவில்லை. நல்லவர்தான் வந்தார். தான் சாப்பிடுவதைத்தான் எனக்கும் கொடுத்தார்.

"உனக்கு மூச்சு நல்லா இருக்கும்மா. கடைசி நூறு மீட்டர்லதான் கால் செத்துப் போவுது. இதைச் சாப்பிடு, ரெக்கவரி நல்லா ஆவும்" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சளாக ஒரு பவுடர். பேப்பர் பொட்டலத்தில் குட்டிக் குட்டியாக ரோஸ் கலர் மாத்திரை. "என்னண்ணே இது?" என்றேன். "விட்டமின்தான். ஜிம்முல எல்லாரும் சாப்பிடுறது."

மாத்திரை அட்டையில் இல்லை, டப்பாவில் இல்லை, பெயர் இல்லை. பொட்டலம் கட்டின தாளில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய கணக்கு இருந்தது. ஆனால் நண்பர்களே, நம் ஊர்ப்பக்கம் இது ஒன்றும் புதிதில்லையே. ஜுரம் என்றால் கடையில் போய் "ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்று கேட்டு, கத்தரித்த மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்துதானே வளர்ந்தோம்? எதையும் பெயர் கேட்டு விழுங்கியதில்லை.

பாலிடெக்னிக்குகளுக்கு இடையேயான தடகளப் போட்டிக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. தினம் ஒரு ஸ்பூன், ஒரு மாத்திரை. ஒரு வாரத்தில் பசி பேய்ப் பசியாக எடுத்தது. பத்து நாளில் முகம் தளதளவென்று ஆகிவிட்டது. நடவுக்கு வந்த அத்தைமார்கள், "பாப்பா இப்பத்தான் ஒடம்பு போட்டிருக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். ஓடினால் களைப்பே தெரியவில்லை. போட்டியில் 2 நிமிடம் 37 விநாடி. என் வாழ்நாளில் ஓடாத நேரம். மூன்றாம் இடம். வெண்கலம்! (கோமதி அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் முப்பத்து நாலு விநாடி இருக்கிறது. சிரிக்காதீர்கள்.)

நான்காவதாக வந்த பெண் வேறு ஊர் பாலிடெக்னிக். கடைசி இருபது மீட்டரில்தான் அவளைத் தாண்டினேன். கோட்டைத் தாண்டி இரண்டு பேரும் புல்லில் விழுந்து கிடந்தோம். அவள் எழுந்து தன் பையிலிருந்து குளுக்கோஸ் தண்ணீர் எடுத்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "சூப்பரா ஓடுனீங்க" என்றாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

அப்பா அந்த மெடலை நடுவீட்டில், காரைக்கால் அம்மையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த மாதம் எனக்கு வரவேண்டியது வரவில்லை. தோழியருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் பார்த்து, இரண்டு வாரம் பார்த்து, ஒரு நாள் ராத்திரி அப்பா தூங்கிய பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விளக்கைப் போடவில்லை. "எங்கிட்ட சொல்லிடு பாப்பா. பீச்சுக்குப் போறேன் போறேன்னு போனியே..." என்று கேட்டபோது அம்மாவின் குரல் நடுங்கியது. அம்மா என்ன நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அழுகையை அடக்க முடியவில்லை. நான் அழ அழ அம்மாவுக்குப் பயம் கூடியது. கிராமத்தில் பெண்ணைப் படிக்க அனுப்பி, ஓடவும் அனுப்பிய ஒரு தாய்க்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். அம்மா ஒரு மாத்திரையைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதுவா?" என்றார். அவருக்கு வந்தது நிம்மதியா வேறொரு பயமா, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒரு டாக்டர் அம்மாவிடம் போனோம். முகத்தைப் பார்த்தார், பருவைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். "பேர் இல்லாத மாத்திரையை நான் என்னன்னு சொல்றது? ஆனா உன் மூஞ்சியைப் பார்த்தா ஸ்டீராய்டு மாதிரி இருக்கு. திடுதிப்புனு நிறுத்தாதே, நான் சொல்ற மாதிரி குறைச்சிட்டு வா" என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்டீராய்டிலேயே இரண்டு சாதி. ஒன்று டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் வகை. வீக்கம், மூச்சிரைப்புக்கு டாக்டர் கொடுப்பது. கிராமத்தில் 'உடம்பு போடுற மாத்திரை' என்று திருட்டுத்தனமாக விற்பதில் இது இருக்கும். முகம் ஊதும், பசி எடுக்கும், களைப்புத் தெரியாது. வெளியிலிருந்து இது வந்துகொண்டே இருந்தால், உடம்பு தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிப் போகும். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. இன்னொன்று நான்ட்ரோலோன், ஸ்டானோசோலால், மெத்தாண்டியனோன் வகை. இது ஆண் ஹார்மோனின் சொந்தக்காரன். சதை ஏறும். பெண்கள் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், மீசை அரும்பும், குரல் கட்டையாகும். அந்தக் குரல் பிறகு திரும்பாது. என் பொட்டலத்தில் எது இருந்தது, இரண்டுமா என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டு மாதத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிட்டது. நான் அதிர்ஷ்டக்காரி.

இந்தச் சமயத்தில்தான் நம் பி.டி. சார் ஆடிட்டோரியத்தில் அந்த ஒரு மணி நேர வகுப்பை வைத்தார். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பாதிப் பேர் ஃபேன் காற்றுக்காக வந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உலக அளவில் ஊக்கமருந்தைத் தடுக்கும் அமைப்புக்கு 'வாடா' என்று பெயர், இந்தியாவில் 'நாடா' என்று பெயர் என்றதும் கூட்டம் சிரித்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. காரைக்கால்காரர்களுக்கு நாடா என்றால் 2016 டிசம்பரில் நம் கரைப்பக்கம் வந்த புயல்தானே! வாடா 1999-இல் பிறந்தது. நாடாவை 2005-இல் அமைத்தார்கள். 2022-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது.

சோதனை எப்படி நடக்கும் என்று சார் சொன்னதுதான் பலருக்கும் வாயைப் பிளக்க வைத்தது. போட்டி முடிந்ததும் ஒருவர் வந்து உங்களைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். அந்த நிமிடத்திலிருந்து நிழல் மாதிரி கூடவே வருவார். சீல் வைத்த பாத்திரங்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். 90 மில்லி சிறுநீர் வேண்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்பார். (அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அடி ஆத்தாடி! இதுக்கு ஓடாமலே இருக்கலாமே" என்றார்.) வரவில்லை என்றால் வரும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிறகு ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் நீங்களே ஊற்றி, நீங்களே மூடவேண்டும். கடந்த ஏழு நாளில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று எழுதவேண்டும். ஏ பாட்டிலில் ஏதாவது வந்தால், பி பாட்டிலைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பாட்டிலில் பெயர் இருக்காது, எண்தான். நானோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவில், கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி நேரம் தூள் பறந்தது. டீ குடிக்கலாமா? குடிக்கலாம், காஃபீன் 2004-லிருந்து தடைப் பட்டியலில் இல்லை. பாரசிட்டமால்? பயமில்லை. கஞ்சா? போட்டிக் காலத்தில் தடை. பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன் எழுந்து மிகவும் பணிவாக, "சார், நம்ம ஊர் சரக்கு பட்டியல்ல இருக்கா?" என்றார். இல்லை என்று சார் சொன்னதும் எழுந்த கைதட்டலை நான் என்னவென்று எழுத! "பட்டியல்லதாண்டா இல்லை, உன் ஈரல்ல இருக்கு" என்று சார் சொன்னது அந்தச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார் போர்டில் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீதான் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் தண்டனைக் காலத்தைக் கூட்டிக் குறைக்கத்தான். பதக்கம் திரும்ப வராது.

பெரிய இடத்திலேயே இப்படித்தான் நடந்திருக்கிறது. 2010 காமன்வெல்த்தில் 4×400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நால்வரில் மூவர், மந்தீப் கௌர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, அடுத்த ஆண்டே மாட்டினார்கள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில் கலந்திருந்தது என்றார்கள். முதலில் ஓராண்டு தடை. 2012-இல் அது இரண்டாண்டு ஆனது. இலங்கை கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கோப்பையின்போது தோள் வலிக்கு எடுத்த நாட்டு மருந்தில் பிரெட்னிசோலோன் இருந்ததால் மூன்று மாதம் உட்கார்ந்தார். பிருத்வி ஷாவுக்கு 2019-இல் இருமல் மருந்தால் எட்டு மாதம். இன்னும் பின்னால் போனால் பழைய கிழக்கு ஜெர்மனி. பள்ளிக்கூடப் பெண்களுக்கு நீல நிற மாத்திரையை அரசாங்கமே கொடுத்திருக்கிறது. என்ன சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? விட்டமின்! 1986-இல் ஐரோப்பிய குண்டு எறிதல் சாம்பியனான ஹைடி கிரீகர் பிற்காலத்தில் ஆண்ட்ரியாஸ் என்ற ஆணாகவே வாழ ஆரம்பித்தார். தான் யார் என்று தானே முடிவு செய்யும் வாய்ப்பை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்பது அவர் வருத்தம்.

சோதனையும் தவறவே தவறாத தெய்வம் இல்லை. இலங்கையின் குசல் பெரேராவை 2015 டிசம்பரில் தடை செய்து, ஐந்து மாதம் கழித்து, சோதனைக்கூடத்தின் முடிவு நிற்காது என்று விட்டார்கள். நம் டெல்லி சோதனைக்கூடத்தையே வாடா 2019 ஆகஸ்டில் நிறுத்திவைத்து 2021 கடைசியில்தான் திரும்ப ஏற்றது. ஆகவே பிடிபட்டவர் எல்லோரையும் காறித் துப்பக் கிளம்பிவிடக் கூடாது. நான் துப்பவே முடியாது.

2024-இல் இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260-இல் மருந்து தென்பட்டது. அதிகம் சோதிக்கும் நாடுகளில் இந்த விகிதம் நமக்குத்தான் மேலே. ஆனால் இத்தனை கோடி ஜனத்தில் ஏழாயிரம் பாட்டில் எந்த மூலைக்கு? 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டியில் நாடாக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் எட்டுப் பேருக்கு ஒரே ஒருவர்தான் ஓட வந்தார். மற்ற ஏழு பேரைக் காணோம்! தலைநகரிலேயே இந்தக் கூத்து என்றால், எங்கள் பாலிடெக்னிக் போட்டிக்கு யார் வரப்போகிறார்கள்? யாரும் பாட்டிலோடு வரவில்லை. வந்திருந்தால் நான் மாட்டியிருப்பேன். மாட்டாததால் மெடல் சுவரில் தொங்கியது. பிடிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் முன்னாடியே யாராவது வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம். நான் ஓட ஆரம்பித்து ஆறு வருஷத்தில் ஷூ எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு; வாயில் என்ன போட வேண்டும் என்று சொன்னவர் இல்லை. சார் அன்று வைத்த ஒரு மணி நேரம் ஒரு மாதம் முன்னால் நடந்திருந்தால் எனக்கு அந்த ராத்திரி வந்திருக்காது. முதலாமாண்டு சேரும்போதே, ஐ.டி. கார்டு கொடுக்கிற அன்றைக்கே இதைச் சொல்லச் சொல்லி மாணவர் பேரவை கேட்கவேண்டும். மருந்தின் பெயரைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று காட்ட நாடாவின் செயலிகூட இருக்கிறது. ஆனால் அதில் போட ஒரு பெயர் வேண்டுமே! பொட்டலத்துக்கு ஏது பெயர்?

கடற்கரை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முகம் வெளிறிப்போனது. "எனக்கும் ஒரு மாதிரி படபடப்பாத்தான் இருக்கும்மா. விட்டா டைமிங் போயிடுமே, செலக்‌ஷன் வருதே" என்றார். வயசு வரம்பு அவருக்கு அடுத்த வருஷத்தோடு முடிகிறது. வீட்டில் இரண்டு தங்கைகள். நான் என்ன சொல்வது? டாக்டர் அம்மாவின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போனாரா என்று தெரியாது.

அப்பாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "அந்த மெடலு என்னுது இல்லப்பா" என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அம்மா அதுவரை மூச்சுவிடவில்லை போலும். அப்பா தூக்குவாளியை மூடி வைத்தார். எதிரே வயலைப் பார்த்துக்கொண்டு, "யூரியாவை அள்ளிக் கொட்டுனா பயிரு கருகருன்னுதான் வரும். பாக்குறவன் எல்லாம் என்ன பயிருன்னு கேப்பான். ஒரு காத்து அடிச்சா மொத்தமும் படுத்துரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றார். "இல்லப்பா." "அப்ப சரி." வேறு பேசவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது ஆணியில் மெடல் இல்லை. அம்மையார் படத்தின் கீழே, மாடக்குழியில் வைத்திருந்தார். தூக்கியும் எறியாமல், மாட்டியும் வைக்காமல்.

அதை எடுத்துக்கொண்டு பி.டி. சாரிடம் போனேன். சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் என்னைப் பார்த்தார். "யாரும் கேக்கலையே. சோதனையும் நடக்கலை. ரூல்படி இதை எப்படித் திருப்புறதுன்னு எனக்கே தெரியலை" என்றார். பிறகு அவரே ஒரு தாளை எடுத்தார். நடந்தது இன்னது, மூன்றாம் இடம் நான்காவதாக வந்த மாணவிக்குச் சேரவேண்டும் என்று போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதினோம். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. மெடலையும் சான்றிதழையும் கூடவே வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அடுத்த போட்டியில் அந்தப் பெண் வருவாள். கடிதம் அவள்வரை போயிருக்காவிட்டால் நான்தான் நேரில் சொல்லவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை சரியாக வரவில்லை.

கோமதி அக்காவின் படம் இன்னும் பெட்டி மூடியில்தான் இருக்கிறது. அவருடைய தடைக்காலம் 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. சதி என்றும் நான் இப்போது சொல்வதில்லை, திட்டவும் வரவில்லை. எந்தப் பொட்டலம், எந்தக் கை என்று எனக்கு எப்படித் தெரியும்? படத்தில் அந்தக் கொடியைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பேன், மூடிவிடுவேன்.

போன வாரம் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடினேன். பவுடர் இல்லை, மாத்திரை இல்லை; காலையில் ரெண்டு அவித்த முட்டை, ஊறவைத்த கடலை. 2 நிமிடம் 42 விநாடி. மெடல் வாங்கிய நேரத்துக்கு ஐந்து விநாடி அதிகம். சார் நோட்டில் குறித்துக்கொண்டு, "பரவால்ல, போன மாசத்துக்கு ரெண்டு செகண்ட் குறைஞ்சிருக்கு" என்றார். நாளைக்கும் நாலரைக்கு எழுந்திருக்கவேண்டும். கட்டுரையை இன்றைக்குள் கொடுக்காவிட்டால் அச்சகத்துக்குப் போய்விடும் என்று மலர்க்குழு அண்ணன் வாசலில் நின்று கத்துகிறார். எழுத்துப் பிழை இருந்தால் அவரையே திருத்தச் சொல்லுங்கள்.

— ஒரு மாணவி,
மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்